வலது காதும் மூவெப்ப மண்டலமும்

மதுரையில் விமானம் இறங்கும்போது என் வலது காது அடைத்துக்கொண்டது. பயணிகள் எல்லாரும் தரைக்கு வந்துவிட்டார்கள். அந்தக் காது மட்டும் இன்னும் மேகத்துக்குள்ளேயே இருந்தது. கொட்டாவி விட்டுப் பார்த்தேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே என் தங்கை சுமதி வலது பக்கம் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் காதில் வாங்காமல் நேராகப் போய் டாக்சிக்காரர்கள் கூட்டத்துக்குள் நின்றேன்.

“எட்டு வருசங் கழிச்சு வாராரு, வந்தவரு என்னையத் தாண்டிப் போறாரு!” என்று ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தாள். சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். ஈப்போவில் என் கூடப் பிறந்து, என் கூடவே பேசிப் பழகிய பெண். அவள் பேச்சில் எங்கள் ஊர் வாடை துளிகூட இல்லை. எட்டு வருடத்தில் மதுரை அவள் நாக்கைத் தத்தெடுத்துவிட்டது.

நான் மலேசியாவில், ஈப்போ நகரத்தில், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். எங்கள் வீட்டுப் பக்கத்து உணவகத்துக்குப் பரோட்டா மாஸ்டராக வந்த மதுரைக்காரர்தான் செல்வம். அவரை என் தங்கை விரும்பினாள். அம்மா சம்மதித்தார், கோயிலில் தாலி கட்டவைத்து, எங்கள் தெருவுக்கே சாப்பாடு போட்டோம். பிறகு அவர் ஊர் திரும்பியபோது அவளையும் அழைத்துக்கொண்டு போனார். இப்போது அவர்கள் மகள் தாரணிக்கு ஐந்து வயது. அவளுக்குக் காது குத்த வேண்டும். இந்தப் பக்கத்தில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். வயதும் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். ஒரு வயதில் என் பஸ் எஞ்சின் படுத்துவிட்டது. மூன்று வயதில் அம்மா ஆஸ்பத்திரியில். ஐந்துக்கு என் மடி வந்து சேர்ந்துவிட்டது, ஒரு காதைத் தவிர.

டாக்சியில் சுமதி நல்லவேளையாக என் இடது பக்கம் உட்கார்ந்தாள். அதனால் அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னதும் கேட்டது.

“அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவப்படக் கூடாது. இவுக சொந்த ஊரு திருவாதவூரு. அங்கன நான் ஓடியாந்தவன்னு பேச்சு.”

“யாரு, நீயா? ஊருக்கே சோறு போட்டு அனுப்பினோமே!”

“இங்க இருந்து யாரும் கல்யாணத்துக்கு வரலேல்ல. போட்டோவக் காமிச்சா, போட்டோ யாரு வேணாலும் எடுக்கலாம்ங்குறாக. எட்டு வருசமா எம் பக்கத்துல இருந்து ஒரு ஆளும் வந்து பாக்கல. அப்ப என்ன நெனைப்பாக? இந்தக் காதுகுத்துல நீ மடியில தூக்கி வச்சுட்டா அம்புட்டுப் பேரு வாயும் அடைஞ்சுரும்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ், எஞ்சின், லீவு என்று நான் ஈப்போவில் சொன்ன சமாதானங்கள் எல்லாம் இங்கே அவள் தலையில் இப்படி விழுந்திருக்கின்றன.

வில்லாபுரத்தில் அவர்கள் வீடு ஒடுக்கமான தெருவில் இருக்கிறது. முன்னறைச் சுவரில் ஒரு மனித உடம்பின் படம். தலையிலிருந்து கால் வரை வண்ணக் கோடுகள், கோடுகளின் மேல் புள்ளிகள். அந்தப் படத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஈப்போவில் நான் பஸ் நிறுத்தும் இடத்துக்கு எதிரே மடாம் வோங் என்ற சீன மூலிகை வைத்தியரின் கடை இருக்கிறது. இப்படிப்பட்டவர்களை நாங்கள் சின்சே என்போம். அவர் பேரன் என் பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போகிறான். இதே படம் அவர் கடையிலும் சீன எழுத்துகளோடு தொங்குகிறது. பல வருடமாக அதை நான் காலண்டரைப் பார்ப்பதுபோல் பார்த்திருக்கிறேன். என்ன கோடு, எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இங்கே அந்தக் கோடுகளுக்குத் தமிழில் பெயர் போட்டிருந்தது: நுரையீரல், பெருங்குடல், மண்ணீரல், பித்தப்பை. திருநெல்வேலிக்காரனுக்கு அல்வா கிண்டிக் கொடுத்த கதைதான்.

செல்வம் மாலையில் ஒரு ஹோட்டலுக்குப் பரோட்டா போடுகிறார். காலையில் இந்த முன்னறையில் உட்கார்ந்து அக்குபங்சர் பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த வகுப்பில் கற்றுக்கொண்டாராம். ஊசி கிடையாது. நாடி பார்த்து, உடம்பில் ஒரே ஒரு புள்ளியை, ஒரே ஒரு விரலால் கொஞ்ச நேரம் தொடுவார். அவ்வளவுதான் வைத்தியம். மாவை ஆகாயத்தில் வீசிப் பிடித்த கை அது. இப்போது அதன் ஒரு விரலை ஒரு கிழவரின் முழங்காலுக்குக் கீழே பூப்போல் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். சர்க்கரைக்காரர்களிடம், “மாத்திரைய நிறுத்தீராதீக, அத டாக்டர்ட்டதான் கேக்கணும்” என்று சொல்லித்தான் அனுப்பினார். அந்த மட்டில் எனக்கு நிம்மதி.

“மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கிட்டு வந்துடறேன் மாப்ள” என்றேன்.

“சொட்டு மருந்தா? சொம்மா உக்காருங்க மச்சான்” என்று என் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி பார்த்தார். பசி எப்படி, தாகம் எப்படி என்று கேட்டார். பிறகு என் வலது புறங்கையில், மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே ஒரு பள்ளத்தில் விரலை வைத்தார்.

“இது மூவெப்ப மண்டலம். மோதர வெரலு நெகத்துல கெளம்பி, பொறங்கை வழியா ஏறி, முழங்கை, தோளு, கழுத்து, அப்பறம் காதைச் சுத்திப் புருவத்து ஓரத்துல முடியும். நெஞ்சு, வயிறு, அடிவயிறு மூணுக்கும் சூட்டையும் தண்ணியையும் பங்கு வைக்கிறது இதுதான்.”

“சரி, அந்த உறுப்பு எங்க இருக்கு?”

“உறுப்பு கெடையாது.”

“அப்படின்னா?”

“நுரையீரலுக்கு நுரையீரல் இருக்கு, வயித்துக்கு வயிறு இருக்கு. இதுக்குப் பேரு இருக்கு, வேலை இருக்கு. ஆளுதான் இல்லை.”

“எங்க அண்ணன் மாதிரி” என்று சமையலறையிலிருந்து சுமதியின் குரல் வந்தது. இடது காதில் தெளிவாகக் கேட்டது.

காது திறக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கறிதோசை. தடித்த தோசை மேல் முட்டை, அதன் மேல் கொத்துக்கறி, சுற்றி எண்ணெய். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாயைப் பருப்புக் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு அதைப் பெரிய சாப்பாடு என்று நினைத்திருந்தேன். இங்கே தோசைக்குள்ளேயே ஒரு விருந்து இருக்கிறது. மூன்றாவது தோசைக்குக் கை நீட்டும்போதுதான் செல்வம் மெதுவாகச் சொன்னார்.

“மச்சான், அழகர்கோவிலுக்குப் போவோம், முடி எடுப்போம், கெடா வெட்டுவோம். காது மட்டும் குத்த வேணாம்னு பாக்குறேன்.”

சுமதி தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

“மூவெப்ப மண்டலம் காதைச் சுத்தித்தான் ஓடுது. அங்கன போயி ஊசியக் குத்தினா ஓட்டம் கெட்டுப் போகும். பின்னாடி புள்ளைக்குக் கண்ணு, காது எல்லாத்துக்கும் தொந்தரவு வரும். நான் இம்புட்டுப் படிச்சுப்புட்டு எம் புள்ளைக்கே ஊசி குத்த விட முடியுமா?”

“நம்ம முன்னோருங்க காது குத்துனதே அக்குபங்சர்தான்னு ஊர்ல எல்லாரும் சொல்றாங்களே மாப்ள?”

“அப்படிச் சொல்றவுக யாரும் நாடி பாத்துட்டா குத்துறாக?” என்றார். தாரணி மட்டும், “எங்க கிளாஸ்ல எல்லாரும் தோடு போட்டுருக்காக. நான் மட்டும் பையன் மாதிரி இருக்கேன்” என்று சொல்லிவிட்டு என் தட்டிலிருந்து கறியைப் பொறுக்கித் தின்றாள்.

மறுநாள் காலை தெருமுனை வண்டியில் பருத்திப்பால் குடித்தேன். பருத்திக் கொட்டையில் பால் எடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சுகிறார்கள். சட்டை நெய்கிற செடியிலிருந்து பானம். ஈப்போ கோப்பியைப் பற்றிப் பெருமை பேசலாமென்று வாயைத் திறந்த நான் இரண்டாவது டம்ளர் வாங்கிக்கொண்டேன்.

அன்று திருவாதவூருக்குச் சொந்தக்காரர்களை அழைக்கப் போனோம். நான் பஸ் ஓட்டுகிறவன், அதனால் அடுத்தவர் ஓட்டும் பஸ்ஸில் உட்கார்வது எனக்குப் பெரிய தண்டனை. ஓட்டுநர் ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் என் இடது கால் தானாக அமுங்கியது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எதிரே ஒரு மாட்டு வண்டி, பக்கத்தில் ஒரு டிராக்டர், நடுவே ஒரு நாய் என்றிருந்த சாலையில் அவர் ஒற்றைக் கையால் வளைத்துப் போனதை எங்கள் ஊர்ப் போக்குவரத்துத் தேர்வில் வைத்தால் நான் தேறமாட்டேன். கண்டக்டர் வலது பக்கம் நின்று டிக்கெட் கேட்டாராம். கேட்டுக்கேட்டுச் சலித்து, என் தோளைத் தட்டினார். “என்னண்ணே, தியானமா?” பஸ்ஸே சிரித்தது.

ஊருக்குக் கொஞ்சம் முன்னால் பின் டயர் வெடித்தது. அந்தச் சத்தத்துக்கே காது திறந்துகொள்ளும் என்று எதிர்பார்த்தேன். திறக்கவில்லை. பழக்க தோஷத்தில் நானும் இறங்கிப் போய் ஜாக்கியைப் பார்த்து, இப்படி வைக்கக் கூடாது, அப்படி வைக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். கூடையோடு இறங்கி நின்ற ஒரு அம்மா, “மலேசியாவுல டயரு வெடிக்கவே வெடிக்காதாக்கும்?” என்றார். ஜாக்கியை விட்டு விலகி நின்றேன். மீதித் தூரம் கண்மாய்க் கரை மேல் நடந்தோம். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சுண்ணாம்பு மலை வந்து பார்வையை நிறுத்திவிடும். இங்கே பார்வையை நிறுத்த ஒன்றுமில்லை. மனசு விரிந்து லேசானது.

செல்வத்தின் பெரியம்மா மகள் பஞ்சு அக்காதான் அந்தக் குடும்பத்தில் பெரிய குரல். வாசலில் நிலக்கடலையைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார். எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்தார், மடியில் கடலையைக் கொட்டினார். பிறகு என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

“ஏந் தம்பி, நீங்க சுமதிக்குக் கூடப் பொறந்த அண்ணனா, இல்ல சித்தப்பன் பெரியப்பன் மகனா?”

“கூடப் பொறந்தவன்தான்.”

“ஆங். வந்தது சந்தோசம். வந்து தின்னுட்டுப் போறதுக்கு யாரு வேணாலும் வரலாம். மாமன்னா மடி குடுக்கணும். நாங்க எல்லாரும் கோயிலுக்கு வாறோம். மடியப் பாத்துட்டு அப்பறம் சொல்றோம்.”

அப்போதாவது செல்வம் பேசாமல் இருந்திருக்கலாம். கடலையை உரித்துக்கொண்டே, “காது குத்துறது இன்னும் முடிவாகலக்கா. முடி மட்டும் எடுக்கலாம்னு இருக்கோம்” என்றார்.

பஞ்சு அக்கா பக்கத்தில் இருந்த பெண்களைப் பார்த்தார். “அதானே பாத்தேன்” என்றார். அந்த ஒரு சொல்லுக்குள் எட்டு வருடப் பேச்சு அத்தனையும் இருந்தது. சுமதி எழுந்து மோர்ச் செம்பைக் கழுவப் போனாள். வெகுநேரம் கழுவினாள்.

மூன்றாம் நாள் சாம்பாரில் உப்பு இல்லை. யாரும் கேட்கவில்லை. சுமதி புருஷனிடம் பேசவில்லை, அவர் சுவரில் இருந்த படத்திடம் பேசிக்கொண்டிருந்தார். விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பார்கள். என் விஷயத்தில் இரண்டும் ஒரே நாளில் கெடு முடிந்தது. காது திறக்கவில்லை, வீடும் கசந்துவிட்டது.

“மாப்ள, இது சீன வைத்தியம்தானே? ஒரு சீன வைத்தியரையே கேட்டுடலாமா?” என்றேன்.

செல்வம் முகம் மலர்ந்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் மடாம் வோங்குக்கு வீடியோவில் அழைத்தேன். அவர் கடையில் வேர்களை நறுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். அதனால் நடுவே நான் மொழிபெயர்ப்பாளன். செல்வம் போனைக் கும்பிட்டார். மடாம் வோங் கத்தியோடு கையை ஆட்டினார்.

“இவர் ஊசி இல்லாமல், ஒரே ஒரு விரலால் தொட்டு வைத்தியம் செய்கிறார்” என்றேன்.

“ஒரே விரலா? அப்படியானால் ஒன்று பெரிய மேதை, இல்லையென்றால் பெரிய சோம்பேறி” என்றார் அவர். நான் முதல் பாதியை மட்டும் தமிழில் சொன்னேன்.

செல்வம் கேள்வியை மரியாதையாகக் கேட்டார். காதுமடலின் கீழே குத்தினால் மூவெப்ப மண்டலம் கெடுமா? அதை நான் எப்படி மலாயில் சொல்வேன்? காதைச் சுற்றி விரலால் வரைந்து காட்டினேன். அவருக்கு உடனே புரிந்தது. “ஓ, சாம் ஜியூ!” என்று தன் காதைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் விரலை ஓட்டினார். பிறகு மடலை இழுத்து, அதில் தொங்கிய பச்சைக்கல் தோட்டை ஆட்டினார்.

“கோடு காதுக்குப் பின்னால் போகிறது. தோடு இங்கே, கீழே. முன்வாசலில் ஆணி அடித்தால் கொல்லைப்புறம் ஓடுகிற வாய்க்கால் உடையுமா? என் காதைக் குத்தியது என் அம்மா, தையல் ஊசியால். இத்தனை வயதாகிறது, நீ பஸ் ஹாரன் அடித்தால் இன்னும் தூக்கிவாரிப் போடுகிறது.”

மொழிபெயர்த்தேன். சுமதி வாயைச் சேலையால் மூடிக்கொண்டாள். செல்வம் விடவில்லை. “ஊசி எம்புட்டு ஆழம் போகும்னு கேளுங்க” என்றார். மடாம் வோங், “ஆழமா? இதோ” என்று அலமாரியிலிருந்து ஒரு ஊசியை எடுத்துத் திரைக்கு நேரே பிடித்தார். முடிபோல மெல்லிய, பளபளக்கும் ஊசி. அதைத் தன் புறங்கையில், எனக்குச் செல்வம் தொட்ட அதே இடத்தில், சர்வ சாதாரணமாகக் குத்தினார்.

போன் என் மடியில் விழுந்தது. செல்வம் வெளுத்துப்போய் சுவரில் சாய்ந்திருந்தார். நெற்றி முழுக்க வேர்வை. தாரணி ஓடிப்போய் ஒரு பாடப்புத்தகத்தை எடுத்து வந்து விசிறினாள். “அவருக்கு என்ன ஆயிற்று? தண்ணீர் கொடு, காலைத் தூக்கி வை” என்று என் மடியிலிருந்து மடாம் வோங் கத்திக்கொண்டிருந்தார்.

சுமதி புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஏதோ ஒவ்வொன்றாகப் பொருந்திக்கொண்டே வந்தது.

“ஏங்க, பிரசவத்துல எனக்குக் குளுக்கோஸ் ஏத்துறப்ப கேட்டுக்கு வெளிய போயி நின்னீகளே. பாசத்துல தவிக்கிறீகன்னு நெனச்சேன். புள்ளைக்குத் தடுப்பூசி போட அம்புட்டு தடவையும் என்னையத் தனியா அனுப்புனீக. ஊசின்னா பயமா உங்களுக்கு?”

செல்வம் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கீழேயே பார்த்தார். “பயம்தான்” என்றார். “சின்னப்புள்ளையில இருந்தே. ஊசி இல்லாத வைத்தியம்னு சொன்னாகன்னுதான் அந்த வகுப்புக்கே போனேன். எனக்கு ஒண்ணுன்னா பல்லக் கடிச்சுக்கிருவேன். எம் புள்ள காதுல ரத்தத்தப் பாத்தா நான் செத்துருவேன் சுமதி. நெசமாச் சொல்றேன்.”

நான் சிரிக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். சுமதி சிரித்தே விட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அப்படியே அழுகையாகவும் மாறியது.

“நீயும் மச்சானுமாப் போயிக் குத்திட்டு வாங்க. நான் வீட்டுல இருக்கேன்” என்றார் அவர்.

“அப்பன் இல்லாமக் குத்துனா, அது அடுத்த கதையாகும்ங்க” என்றாள் சுமதி. “கண்ண மூடிக்கிட்டாச்சும் வந்து நில்லுங்க. உங்கள நான் வேற ஒண்ணும் கேக்கல.” சாயங்காலம் செல்வம் எல்லாருக்கும் ஜிகர்தண்டா வாங்கி வந்தார். அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

நான்காம் நாள் விடிந்ததும் ஒரு வேன் நிறைய ஆட்களோடு அழகர்கோவிலுக்குக் கிளம்பினோம். வேன் டிரைவர் என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார், “தாய்மாமன் முன்னாடிதான் உக்காரணும்” என்று. மலை நெருங்க நெருங்கக் காற்று குளிர்ந்தது. திருவாதவூரிலிருந்து வந்தவர்கள் எங்களுக்கு முன்பே மரத்தடியில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். பஞ்சு அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தலையை மட்டும் ஆட்டினார்.

பதினெட்டாம்படிக் கருப்பாகவே நிற்கும் பெரிய கதவைக் கும்பிட்டோம். தாரணிக்கு முடி எடுத்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனத்தைப் பூசியதும் அவள் தன் தலையைத் தானே தடவிப் பார்த்து மகிழ்ந்தாள். ஈப்போவிலிருந்து நான் கொண்டுவந்த பட்டுப் பாவாடை, தோடு, பழம், சர்க்கரை எல்லாவற்றையும் தட்டுகளில் வைத்துப் பெண்கள் தூக்கி வந்தார்கள். நடுவே ஒரு குரங்கு வந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு போனது. “மாமன் சீருல கொரங்குக்கும் பங்குண்டு” என்று யாரோ சொன்னார்கள். எங்கள் நாட்டுப் பத்துமலைக் கோயில் குரங்குகளும் இதே படிப்புதான் படித்திருக்கின்றன.

புது வேட்டி கட்டிக்கொண்டு பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் வைத்தார்கள். காது குத்த வந்த ஆசாரி சந்தனத்தால் இரண்டு மடலிலும் பொட்டு வைத்து, முன்னாலும் பக்கவாட்டிலும் பார்த்து, அளவைச் சரிசெய்தார். தாரணியின் வாயில் காப்பரிசியைப் போட்டார்கள். வெல்லப்பாகில் ஊறிய அரிசி. அவள் மென்றுகொண்டே, “மாமா, வலிக்குமா?” என்றாள். இடது காதுப் பக்கம் கேட்டதால் பதில் சொல்ல முடிந்தது.

“வலிக்கும். கொஞ்ச நேரம்தான். நான் பிடிச்சுக்கறேன்.”

செல்வம் வந்து எனக்கு வலது பக்கம் மண்டியிட்டு, எனக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினார். “நான் அவ கையில மூவெப்பப் புள்ளியத் தொட்டுக்கிர்றேன். வலி அம்புட்டாத் தெரியாது” என்றார். மகளின் கையைப் பிடித்தார். ஆசாரி கம்பியைக் கையில் எடுத்ததுதான் தாமதம், செல்வம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

முதல் காதில் குழந்தை பேசாமல் இருந்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கே புரியவில்லை. இரண்டாவது காதுக்கு ஆசாரி பக்கம் மாறியபோது புரிந்துவிட்டது. உதறினாள், திமிறினாள், ஆசாரியின் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டாள். நான் அவள் இரண்டு கையையும் என் இடது கைக்குள் சேர்த்துப் பிடித்து, வலது கையால் அவள் இடுப்பைச் சுற்றி அணைத்தேன். மொட்டைத் தலை என் தாடையில் இடித்தது. புது வேட்டியில் சந்தனம், வெல்லம், கண்ணீர், மூக்குச்சளி. முதுகு வலித்தது, கால் மரத்தது. மடியை மட்டும் அசைக்கவில்லை. பஸ்ஸில் நாற்பது பிள்ளைகளைச் சமாளிக்கிறேன் என்று பீற்றிக்கொள்கிறவன் நான். ஒரு பிள்ளையைப் பிடிக்க அன்று என் உயிர் போய் வந்தது.

அப்போதுதான் என் வலது கையில் ஒரு வலியை உணர்ந்தேன். யாரோ என் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே எலும்பு நொறுங்குகிற மாதிரி அமுக்கிக்கொண்டிருந்தார்கள். குனிந்து பார்த்தால், செல்வம். கண் இறுக்க மூடியிருக்கிறது, இரண்டு கன்னத்திலும் கண்ணீர். குழந்தை உதறியபோது அவள் கை நழுவிப்போய், மூடிய கண்ணோடு தேடிக் கிடைத்த கையைப் பிடித்திருக்கிறார். பரோட்டா மாவு பிசைந்த பலம் முழுவதையும், ஒரு தகப்பனின் தவிப்பு முழுவதையும், அந்த மனுஷர் என் புறங்கைக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்.

“மாப்ள, அது என் கை” என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கம்பி இரண்டாவது மடலில் ஏறியது. தாரணி என் கழுத்தில் முகத்தைப் புதைத்து வீறிட்டாள். சுற்றி நின்ற பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குலவை போட்டார்கள்.

வலது காதுக்குள் ஏதோ ஒன்று ‘டப்’ என்று விலகியது.

வெதுவெதுப்பாக ஒரு சொட்டு உள்ளே ஓடியது போல இருந்தது. உடனே அந்தப் பக்கத்து உலகம் முழுவதும் வந்து நின்றது. குலவை, மேளம், அடுப்பில் விறகு வெடிப்பது, மரத்தில் குரங்குகள், என் தோளில் குழந்தையின் விக்கல். அது செல்வத்தின் விரலா, குழந்தையின் வீறலா, குலவையா, எனக்குத் தெரியாது. மடாம் வோங்கிடம் கேட்டால் ஏதாவது சொல்லிச் சிரிப்பார். செல்வம் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. “வெரலு பெருசா இருக்குன்னு அப்பவே நெனச்சேன் மச்சான், பயத்துல ஒண்ணும் தெரியல” என்று பிறகுதான் அசடு வழிந்தார்.

சுமதி முன்னால் நின்று அழுதுகொண்டே தோட்டுத் திருகாணியை முடுக்கினாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். அப்போது எனக்குப் பின்னால், வலது பக்கத்தில், பஞ்சு அக்கா பக்கத்துப் பெண்ணை அதட்டுவது கேட்டது. திறந்த காதில் நான் தெளிவாகக் கேட்ட முதல் பேச்சு அதுதான்.

“ஓடியாந்தவன்னு எவடி சொன்னது? ஓடியாந்தவளுக்கு அண்ணங்காரன் இப்புடி மடி குடுப்பானா?”